'வந்து நின்னாலே முந்நூறு': சாய்வையும் வெட்டுத்துண்டையும் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்கிறீர்கள்?

குடவாசல்காரி · நவம்பர் 16, இரவு 9.40

எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒன்பது பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கணக்குச் சொல்லித் தருகிறேன். போன வாரம் ஆயத்தொலை வடிவியல் நடந்தது. சாய்வு (எம்), வெட்டுத்துண்டு (சி), ஒய் = எம்எக்ஸ் + சி. சூத்திரம் ஒன்பது பேருக்கும் மனப்பாடம். இரண்டு புள்ளி கொடுத்தால் போதும், எம் இவ்வளவு, சி இவ்வளவு என்று எழுதிவிடுகிறார்கள். வரைபடத் தாளில் கோடும் பிசகாமல் போடுகிறார்கள்.

சரி, ஊரில் நடக்கிற கணக்காக ஒன்று தரலாம் என்று இதைக் கொடுத்தேன். வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் இறைக்க டீசல் இன்ஜின் வாடகைக்கு எடுக்கிறோம். கொண்டுவந்து இறக்கி மாட்டுவதற்கு 300 ரூபாய். அப்புறம் ஓடுகிற மணிக்கு 150 ரூபாய். டீசல் நம்முடையது. ஒய் = 150 எக்ஸ் + 300 என்று உடனே எழுதினார்கள்.

"இதில் 300 என்றால் என்ன?"

"வெட்டுத்துண்டு டீச்சர்."

"அப்படின்னா?"

"சி டீச்சர்."

"சி-ன்னா?"

"கோடு ஒய் அச்சை வெட்டுற இடம்."

பதில் எதிலும் தப்பில்லை. ஆனால் ஒருவரும் இன்ஜின் பக்கமே வரவில்லை. கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான். அவன் அப்பா அறுவடை வண்டி ஓட்டுகிறவர். "வண்டி வந்து நின்னாலே முந்நூறு டீச்சர். ஒரு சொட்டுத் தண்ணி எறைக்காட்டியும் குடுக்கணும்" என்றான்.

அன்று ராத்திரி முழுக்க அந்த வாக்கியமே மனசுக்குள் ஓடியது. பாடப் புத்தகத்தில் தேடியும் எனக்குக் கிடைக்காத விளக்கத்தை அவன் ஒரு மூச்சில் சொல்லிவிட்டான். மற்ற எட்டுப் பேருக்கும் இந்த இடத்துக்கு வர வழி வேண்டும். வகுப்பில் எப்படிச் சொல்கிறீர்கள்? உங்கள் ஊரில், உங்கள் தொழிலில் என்ன உதாரணம் இருக்கிறது? எழுதுங்கள்.

வெண்ணாற்றங்கரை · நவம்பர் 16, இரவு 10.25

முப்பத்தோரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பையன் சொன்னதைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள் அம்மா.

எனக்கு உதவிய ஒன்றைச் சொல்கிறேன். சாய்வை நம் பேச்சுத் தமிழ் எப்போதும் ஒரு சின்ன உருபில் வைத்திருக்கிறது. 'க்கு'. மணிக்கு 150. மாவுக்குப் (மா என்பது நம் பக்கத்து நில அளவு) பன்னிரண்டு மூட்டை. லிட்டருக்கு நாற்பது கிலோமீட்டர். நூற்றுக்கு ரெண்டு வட்டி. எங்கே 'ஒன்றுக்கு இவ்வளவு' என்று வருகிறதோ அங்கே சாய்வு நிற்கிறது. 'க்கு' ஒட்டிய சொல் எக்ஸ் அச்சு, அதன் பின்னால் வருவது ஒய் அச்சு. இதைச் சொன்ன பிறகு என் வகுப்பில் அலகு எழுதாமல் யாரும் சாய்வைச் சொன்னதில்லை. வெறுமனே '150' என்று எழுதினால் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

வெட்டுத்துண்டுக்கு உங்கள் மாணவன் வைத்த 'நின்னாலே' போதும். அந்த 'ஆலே'யில் எல்லாம் இருக்கிறது. முன்பணம், கையிருப்பு, அசல், இறக்குகூலி, இவையெல்லாம் எக்ஸ் பூச்சியமாக இருக்கும்போதே இருப்பவை.

நகைக் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். 30,000 ரூபாய், ரெண்டு வட்டி. மாதத்துக்கு 600. ஒய் = 600 எக்ஸ் + 30,000. சாய்வு வட்டி, வெட்டுத்துண்டு அசல். நாலு மாசம் கழித்து அம்மா எவ்வளவு கட்டி நகையை மீட்க வேண்டும் என்று கேட்டால் பிள்ளைகள் சூத்திரத்தைத் தேடவே மாட்டார்கள், 32,400 என்று வாயிலேயே வரும். வட்டிக்கு வட்டி போடுகிற இடத்தில் மட்டும் இது நேர்க்கோடாக இருக்காது. அதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

வாட்டம் · நவம்பர் 17, காலை 6.50

கும்பகோணம் பக்கம் கட்டட மேற்பார்வை பார்க்கிறேன். என் பெயரே இங்கே பதிலாக இருக்கிறது. சாய்வு என்று கொத்தனார் யாரும் சொல்ல மாட்டார், வாட்டம் என்றுதான் சொல்வார். 'தண்ணி வாட்டம் பாத்துப் போடு' என்பதைக் கேட்காத பிள்ளை உண்டா?

கழிவுநீர்க் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் விடுவோம். வீட்டுப் பக்கம் குழாயின் முனை, தொட்டி மட்டத்திலிருந்து 12 அங்குல உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். பத்து அடி தள்ளிப் பார்த்தால் ஒன்பதரை அங்குலம். இருபது அடியில் ஏழு. ஒய் = 12 − கால் எக்ஸ். 'அடிக்குக் கால் அங்குலம்' என்பதில் ஐயா சொன்ன 'க்கு' வந்துவிட்டது பாருங்கள்.

இப்போது வீட்டுக்காரர் தரையை ரெண்டு அங்குலம் உயர்த்தச் சொல்கிறார். குழாயை அப்படியே மொத்தமாக ரெண்டு அங்குலம் தூக்குவோம். 12 என்பது 14 ஆகும், வாட்டம் மாறாது. பழைய கோடும் புதுக் கோடும் இணைகோடுகள். வாட்டத்தைக் கெடுத்தால் தண்ணீர் தேங்கும், உயரத்தை மாற்றினால் தேங்காது. எம்மை மாற்றுவதும் சியை மாற்றுவதும் வேறு வேறு என்று சொல்ல எனக்குத் தெரிந்து இதைவிடக் கண்ணுக்குத் தெரிகிற உதாரணம் இல்லை. ஒரு பிவிசி குழாயும் மட்டப்பலகையும் போதும், வகுப்பிலேயே காட்டலாம்.

மன்னை கணக்கு · நவம்பர் 17, மதியம் 1.15

வாட்டம் சார், அருமை. ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன். நான் இப்போது பணியில் இருக்கிற ஆசிரியை. கட்டடத்தில் இரண்டு அச்சுமே நீளம்தான், அதனால் கண்ணுக்குத் தெரிகிற சரிவுதான் சாய்வு. வரைபடத் தாளில் அப்படி இல்லை. அச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு 100 ரூபாய் என்று எடுத்தால் இன்ஜின் கோடு நெட்டுக்குத்தாக ஏறும். 1,000 ரூபாய் என்று எடுத்தால் அதே கோடு படுத்த மாதிரி தெரியும். இரண்டிலும் மணிக்கு 150தான்.

என் வகுப்பில் இரண்டு பெண்கள் ஒரே கணக்கை வேறு வேறு அளவுத்திட்டத்தில் போட்டுவிட்டு, "என் இன்ஜின்தான் விலை கூட" என்று சண்டை போட்டார்கள். அச்சில் இருக்கிற எண்ணைப் படிக்கச் சொன்னேன். இரண்டு பேரும் மாறி மாறிப் படித்துப் பார்த்துவிட்டு அமைதியானார்கள். அந்த இரண்டு தாளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், வருஷா வருஷம் காட்டுவேன்.

கடைமடை · நவம்பர் 17, இரவு 8.05

தலைஞாயிறு பக்கம் விவசாயம். காலையில் பேப்பர் வந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது மேட்டூர் நிலவரம்தான். நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, திறப்பு இத்தனை, இருப்பு இத்தனை டிஎம்சி. இதில் ஒரு நேர்க்கோடே இருக்கிறது. இருப்பு வெட்டுத்துண்டு. வரத்திலிருந்து திறப்பைக் கழித்தால் சாய்வு.

வினாடிக்கு ஒரு கன அடி என்றால் ஒரு நாளைக்கு 86,400 கன அடி. ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. வகுத்துப் பார்த்தால் 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. இந்த ஒரு எண்ணை மனசில் வைத்துக்கொண்டால் மேட்டூர் கணக்கை டீக்கடையிலேயே போடலாம்.

அணை நிரம்பி 120 அடியில் நிற்கும்போது இருப்பு 93.47 டிஎம்சி. ஜூன் 12 அன்று நிரம்பிய அணையைத் திறக்கிறார்கள், வினாடிக்கு 12,000 கன அடி விடுகிறார்கள், வரத்து ஒன்றுமில்லை என்று வையுங்கள். நாளைக்குக் கிட்டத்தட்ட 1.04 டிஎம்சி குறையும். ஒய் = 93.47 − 1.04 எக்ஸ். எப்போது பூச்சியம்? தொண்ணூறாவது நாள், அதாவது செப்டம்பர் 10. ஆவணிகூட முடிந்திருக்காது. சம்பா நடவு முழுசாக முடியாத நேரத்தில் அணை காலி.

இன்னொரு பக்கமிருந்து போடுகிறேன். வழக்கப்படி ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை தண்ணீர் வேண்டும், 230 நாள். வரத்தே இல்லாமல் 93.47 டிஎம்சியை 230 நாளைக்கு இழுக்க வேண்டும் என்றால் நாளைக்கு 0.41 டிஎம்சி. வினாடிக்கு 4,700 கன அடி வாக்கில். அது கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்தால் எங்கள் வாய்க்காலுக்கு என்ன வந்து சேரும்? அணை நிரம்பிவிட்டது என்ற செய்தியைக் கேட்டவுடன் நாங்கள் ஏன் குதிப்பதில்லை என்று என் மகன் கேட்டபோது இந்தக் கோட்டைத்தான் போட்டுக் காட்டினேன். வெட்டுத்துண்டு பெரிசாக இருந்தால் மட்டும் போதாது. கர்நாடகத்திலிருந்து வருகிற வரத்தும் ஐப்பசி, கார்த்திகை மழையும் சேர்ந்து அந்தச் சாய்வைத் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

வெட்டுத்துண்டு சிறிசாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024-ஐப் பாருங்கள். ஜூன் 12-க்குத் திறக்க இருப்பு இல்லை. ஜூலை 28-க்குத்தான் திறந்தார்கள். 2022-ல் வரத்து நன்றாக இருந்து மே 24-லேயே திறந்தது.

அப்புறம் ஒன்று. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாள் ஆகிறது. 2024-ல் ஜூலை 28 மேட்டூர், ஜூலை 31 கல்லணை. எங்களுக்கு வர அதற்கு மேலும் பல நாள். மேட்டூர் திறந்த நாளைப் பூச்சியமாக வைத்து எங்கள் வயலின் தண்ணீரை வரைந்தால் கோடு ஆரம்பத்தில் எக்ஸ் அச்சோடு ஒட்டிக்கொண்டு படுத்துக் கிடக்கும். எழும்புகிற இடத்துக்குப் பெயர்தான் கடைமடை, தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற இடம்.

நீடா · நவம்பர் 17, இரவு 8.50

கல்லூரியில் படிக்கிறேன். கடைமடை சார், பேப்பரில் முதலில் வருவது அடிதானே? அடியை வைத்தே கோடு போட்டால் என்ன? தினமும் இத்தனை அடி இறங்குகிறது என்று சொல்கிறார்களே.

கடைமடை · நவம்பர் 17, இரவு 9.10

நல்ல கேள்வி தம்பி. போட்டுப் பார்த்தேன், வளைந்துவிட்டது. அணை கீழே குறுகல், மேலே அகலம். 100 அடியில் இருப்பு சுமார் 65 டிஎம்சி. ஆக மேலே இருக்கிற 20 அடியில் மட்டும் 28 டிஎம்சிக்கு மேல் நிற்கிறது, அடிக்கு 1.4. கீழே இருக்கிற 100 அடிக்கும் சேர்த்துச் சராசரி அடிக்கு 0.65தான். ஒரே அளவு தண்ணீர் திறந்தாலும் ஆரம்பத்தில் மட்டம் மெதுவாக இறங்கும், போகப் போக வேகமாக இறங்கும். டிஎம்சியில் போட்டால் நேர்க்கோடு, அடியில் போட்டால் வளைகோடு. 'இன்னும் அறுபது அடி இருக்கிறதே, பாதி அணை இருக்கிறதே' என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் இங்கே உண்டு. பாதி உயரம் என்பது பாதித் தண்ணீர் ஆகாது.

நீடா · நவம்பர் 17, இரவு 9.14

இப்போதுதான் புரிகிறது. குடத்தில் பார்த்ததை அணையில் யோசிக்கவில்லை.

ஒரு தகப்பன் · நவம்பர் 18, காலை 7.30

எல்லோரும் நல்ல மனசோடு எழுதுகிறீர்கள். எனக்கு ஒரு கவலை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் இந்த வருஷம் பொதுத்தேர்வு எழுதுகிறாள். வினாத்தாளில் சாய்வு கண்டுபிடி என்று வரும், கண்டுபிடித்தால் மதிப்பெண். இன்ஜின், மேட்டூர், குழாய் என்று போனால் நேரம் போகாதா? பிள்ளை குழம்பாதா? புரிதல் பிறகு வரட்டும், முதலில் போடப் பழகட்டும் என்று நினைக்கிறேன்.

குடவாசல்காரி · நவம்பர் 18, இரவு 9.20

அண்ணே, உங்கள் கவலை எனக்கும் உண்டு. தேர்வுக்குப் போகிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு விளையாட எனக்கும் மனசு வராது. ஆனால் நான் திருத்துகிற நோட்டில் பார்ப்பதைச் சொல்கிறேன். இரண்டு புள்ளியில் எதை எதிலிருந்து கழிப்பது என்று தடுமாறி, எக்ஸ் வித்தியாசத்தை மேலேயும் ஒய் வித்தியாசத்தைக் கீழேயும் போடுகிறவர்கள் வாரத்துக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். அவர்களுக்கு 150-க்குப் பதில் நூற்றைம்பதில் ஒரு பங்கு வருகிறது. அதை எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள். மணிக்கு 150 ரூபாய் என்று தெரிந்த பிள்ளை, மணிக்கு ஒரு பைசாகூட வராத விடையைக் கண்டால் திரும்பிப் பார்க்கும். நேற்று ஒருத்தி அப்படித் திரும்பிப் பார்த்து அவளே திருத்தினாள். உங்கள் மகளிடம் ஒரே ஒரு கணக்குக்கு மட்டும் 'இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்மா?' என்று கேட்டுப் பாருங்கள். ஐந்து நிமிஷம்தான் ஆகும்.

பொதக்குடி நாற்றங்கால் · நவம்பர் 18, இரவு 10.05

நான் படித்தது எட்டாவது வரை. எழுதலாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். குத்தகையும் வாரமும் (விளைச்சலில் பங்கு) இந்த எம், சி தானா?

எங்கள் அப்பா குத்தகைச் சாகுபடி. மாவுக்கு மூன்று மூட்டை அளக்க வேண்டும், விளைந்தாலும் விளையாவிட்டாலும். பெரியப்பா இன்னொருவர் நிலத்தை வாரத்துக்குச் செய்தார், களத்தில் ஆளுக்குப் பாதி. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று அரசாங்கமே அறிவித்தது. அந்த வருஷம் எங்களுக்கு மாவுக்கு ரெண்டு மூட்டைதான் கண்டது. அதுவும் பாதி பதர். பெரியப்பா ஒரு மூட்டையை நிலத்துக்காரருக்குக் கொடுத்தார், ஒரு மூட்டையை வீட்டுக்குக் கொண்டுபோனார். எங்கள் அப்பா விளைந்த ரெண்டையும் அளந்துவிட்டு, மாவுக்கு ஒரு மூட்டை வெளியில் விலைக்கு வாங்கியும் அளந்தார். நிலத்துக்காரர் விட்டுக்கொடுக்கவில்லை. வாங்கின நெல்லை வண்டியிலிருந்து இறக்காமலே அவர் வீட்டுக்கு ஓட்டிப் போனோம். வண்டியில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

வெண்ணாற்றங்கரை · நவம்பர் 18, இரவு 10.50

தம்பி, எட்டாவதோ எதுவோ, இந்த இழையிலேயே முக்கியமான கணக்கை நீங்கள்தான் கொடுத்திருக்கிறீர்கள். ஆமாம், இது எம், சி தான்.

ஒரு மாவில் எக்ஸ் மூட்டை விளைகிறது. குத்தகையில் கையில் நிற்பது ஒய் = எக்ஸ் − 3. வாரத்தில் ஒய் = அரை எக்ஸ். குத்தகைக் கோட்டின் சாய்வு ஒன்று, கூட விளைகிற ஒவ்வொரு மூட்டையும் முழுசாக உங்களுக்கு. ஆனால் வெட்டுத்துண்டு கழித்தல் மூன்று. விதை விடுவதற்கு முன்பே மூன்று மூட்டை கடன். வாரத்தில் வெட்டுத்துண்டு பூச்சியம், கடன் இல்லை, ஆனால் சாய்வு பாதி. இரண்டு கோடும் ஆறு மூட்டையில் வெட்டிக்கொள்ளும். ஆறுக்கு மேல் விளைந்தால் குத்தகைக்காரருக்கு மிச்சம், ஆறுக்குக் கீழே போனால் வாரக்காரர் பிழைத்துக்கொள்வார். உங்கள் ரெண்டு மூட்டையைப் போடுங்கள். அப்பாவுக்குக் கழித்தல் ஒன்று, பெரியப்பாவுக்குக் கூட்டல் ஒன்று. வண்டியில் போன அந்த ஒரு மூட்டைதான் இந்தக் கழித்தல் ஒன்று.

உழவு, நடவு, உரச் செலவை இருவரும் முழுசாகத் தாங்களே ஏற்றால் இரண்டு கோடும் ஒரே அளவு கீழே இறங்கும். வெட்டுகிற இடம் ஆறிலேயே நிற்கும்.

நம் ஜில்லாவின் சரித்திரத்தில் பாதி இந்தச் சாய்வைப் பற்றித்தான். குடிவாரம் (சாகுபடி செய்கிறவர் பங்கு) எவ்வளவு, மேல்வாரம் (நிலத்துக்காரர் பங்கு) எவ்வளவு என்று எத்தனை போராட்டம்! 1952-ல் வந்த தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் சாகுபடி செய்கிறவரின் பங்கை ஐந்தில் இரண்டு என்று வைத்தது. ஒரு கோட்டின் சாய்வு 0.4-க்குக் கீழே இறங்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லலாம். 1956-ல் நியாய வாரத்துக்குத் தனிச் சட்டமே வந்தது.

பொதக்குடி நாற்றங்கால் · நவம்பர் 19, காலை 5.40

ஆறு மூட்டையில் வெட்டும் என்று அப்போது தெரிந்திருந்தால் அப்பாவிடம் சொல்லியிருப்பேன். எங்கள் நிலம் வாய்க்காலின் கடைசி. ஆறுக்குக் கீழே போன வருஷங்கள் எங்களுக்கு நிறைய. நன்றி ஐயா.

மன்னை கணக்கு · நவம்பர் 19, இரவு 7.45

பொதக்குடி அண்ணன் பெயரைப் பார்த்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. நாற்றை வைத்து ஒரு பாடம் நடத்தினேன், அதில் எனக்கே ஒரு பிழை புரிந்தது.

இருபத்தைந்து நாள் நாற்றைப் பிடுங்கி நட்ட இடத்தில் பிள்ளைகளை அளக்கச் சொன்னேன். நட்ட அன்று 22 சென்டிமீட்டர். பச்சை பிடித்த பிறகு சில வாரம் நாளைக்கு ஒன்றரை வீதம் வளர்ந்தது. ஒய் = 22 + 1.5 எக்ஸ் என்று போட்டோம். நட்ட அன்றைய உயரம் வெட்டுத்துண்டு, அர்த்தமுள்ளது. ஒரு மாணவி நட்ட நாளை விட்டுவிட்டு விதைத்த நாளிலிருந்து எண்ணினாள். சாய்வு அதே 1.5. வெட்டுத்துண்டு 22 − 37.5, அதாவது கழித்தல் 15.5. "டீச்சர், விதைச்ச அன்னிக்கு நாத்து மண்ணுக்குள்ள பதினஞ்சரை சென்டிமீட்டர் போயிருக்கு" என்றாள்.

அவள் கணக்கு சரி. கோடு மட்டும் அந்தப் பக்கம் செல்லாது, நாற்றங்காலில் பயிர் அவ்வளவு வேகமாக வளரவில்லை. எங்கே பூச்சியம் வைக்கிறோமோ அதைப் பொறுத்து வெட்டுத்துண்டு மாறும், சாய்வு மாறாது. காய்ச்சல் பார்க்கிற கணக்கும் இப்படித்தான். ஃபாரன்ஹீட் = 1.8 செல்சியஸ் + 32. அந்த 32 எதன் கையிருப்பும் இல்லை, இரண்டு அளவுகோலும் பூச்சியத்தை வேறு வேறு இடத்தில் வைத்திருக்கின்றன, அவ்வளவுதான். அதனால் வெட்டுத்துண்டு வந்ததும் 'முன்பே இருப்பது' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதச் சொல்லாதீர்கள். 'எக்ஸ் பூச்சியம் என்பது இங்கே உண்மையில் நடக்கிற ஒன்றா?' என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

மூன்று சக்கரம் · நவம்பர் 19, இரவு 9.30

சென்னையில் ஆட்டோ ஓட்டினேன், இப்போது தஞ்சாவூரில். 2013-ல் அரசு வைத்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12. என் மகன் இதை ஒய் = 12 எக்ஸ் + 25 என்று எழுதினான். ஐந்து கிலோமீட்டருக்கு 85 ரூபாய் என்று வந்தது. நான் வாங்கியிருப்பது 63.40. எங்கே தப்பு?

வெண்ணாற்றங்கரை · நவம்பர் 19, இரவு 9.55

அந்த 25-க்குள் 1.8 கிலோமீட்டர் ஓட்டமும் சேர்ந்திருக்கிறது. 'ஏறி உட்கார்ந்தாலே 25' என்பது சரி, ஆனால் அதற்குப் பிறகு 1.8 வரை மீட்டர் நகராது. கோடு 25-ல் படுத்துக் கிடந்து, 1.8-ல் மடங்கி, கிலோமீட்டருக்கு 12 என்று ஏறும். ஏறுகிற பகுதியை மட்டும் பின்னால் நீட்டினால் ஒய் அச்சை 3.40-ல் வெட்டும், ஏனென்றால் 25-லிருந்து 21.60 போனால் 3.40. ஐந்து கிலோமீட்டருக்கு 60 + 3.40. உங்கள் 63.40 வந்துவிட்டது. அந்த 3.40-ஐ யாரும் யாரிடமும் கொடுத்ததில்லை. மன்னை டீச்சர் சொன்ன மாதிரி, கோடு செல்லாத இடத்தில் இருக்கிற வெட்டுத்துண்டு அது.

வீட்டு மின்கட்டணமும் மடங்குகிற கோடுதான். முதல் 100 யூனிட் வரை தரையோடு படுத்திருக்கும். விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம் என்பதால் அந்தக் கோடு எத்தனை மணி ஓட்டினாலும் எழும்பவே எழும்பாது, சாய்வு பூச்சியம். காசுக் கோடு படுத்திருக்கும்போது கிணற்று நீர்மட்டத்தின் கோடு என்ன செய்கிறது என்று பக்கத்திலேயே இன்னொரு படம் போட்டுப் பார்க்க வேண்டும். எனக்கு அது நெடுநாள் கவலை.

குடவாசல்காரி · ஜனவரி 25, இரவு 8.30

இரண்டு மாதமாக எழுதவில்லை. தாளடி வேலை, பிள்ளைகளின் திருப்புதல் தேர்வு. ஆனால் நீங்கள் எழுதியதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்து, வாரத்துக்கு ஒன்றாக வகுப்பில் பேசினோம். குத்தகை, வாரம் கோடுகளைப் போட்ட அன்று மட்டும் யாரும் ஆறரை மணிக்கு எழுந்து போகவில்லை. நாலு பேர் வீட்டில் குத்தகைச் சாகுபடி.

மார்கழியில் ஆளுக்கு ஒரு கோடு வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னேன். எம், சி எழுதக் கூடாது, அர்த்தம் மட்டும் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. இன்ஜின் கணக்கில் 'கோடு வெட்டுற இடம்' என்று சொன்ன பெண் கொண்டுவந்ததை எழுதுகிறேன்.

அவர்கள் வீட்டில் புது கேஸ் சிலிண்டர் மாட்டிய நாளிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் ரெகுலேட்டரைக் கழற்றி, நெல் மூட்டை எடை போடுகிற மின்னணுத் தராசில் அப்பாவோடு சேர்ந்து நிறுத்தியிருக்கிறாள். முதல் நாள் 29.8 கிலோ. ஏழாம் நாள் 27. பதினாலாம் நாள் 24.2. நாளைக்கு 400 கிராம். சிலிண்டர் கழுத்தில் காலி எடை 15.6 என்று எழுதியிருப்பதைப் பார்த்து, தாளில் அந்த உயரத்தில் சிவப்புப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தாள். "கோடு பூச்சியத்துக்கு வராது டீச்சர், இங்கயே நின்னுடும். உள்ளே இருந்தது 14.2 கிலோதான்" என்றாள். அதை வைத்து முப்பத்தைந்தாம் நாள் தீரும் என்று அம்மாவிடம் சொல்லியும் வைத்திருக்கிறாள்.

இருபத்தோராம் நாள் எடை 20 கிலோ. கோடு மடங்கிவிட்டது. நாளைக்கு 600 கிராம். அழித்துவிட்டுப் பழைய கோட்டிலேயே புள்ளியைத் தள்ளி வைத்திருக்கலாம், அவள் செய்யவில்லை. "ஏன் மடங்கிச்சு?" என்று மற்றவர்கள் கேட்டார்கள். பொங்கல் என்றான் ஒருவன். பொங்கல் ஒரு நாள்தானே, வாரம் முழுக்க எப்படி என்றாள் இன்னொருத்தி. அவள் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா புள்ளை பெத்து வந்திருக்கா டீச்சர். பதினாலாம் நாளு ராத்திரி வந்தா. காலையிலயும் சாயங்காலமும் வெந்நீர், பாப்பாவுக்குத் தனியா."

தாளில் அந்த மடங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் 'அக்கா' என்று எழுதச் சொன்னேன். எழுதினாள்.

ஒரு தகப்பன் · ஜனவரி 25, இரவு 9.05

சிலிண்டர் எத்தனை நாள் வந்தது?

குடவாசல்காரி · ஜனவரி 25, இரவு 9.12

இருபத்தெட்டு நாள் அண்ணே. இருபத்தோராம் நாளே புதுக் கோட்டை நீட்டிப் பார்த்து, இன்னும் ஏழு நாள்தான் என்று சொல்லி, அப்பாவைப் பதிவு பண்ண வைத்துவிட்டாள்.